அண்ணன் பென்ஷனை தங்கை வாங்குகிறாரா? ஜூன் 30-ஐ மறந்துடாதீங்க!

தஞ்சாவூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகு குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு வந்துகொண்டிருந்தது. போன வருடம் அம்மாவும் போய்விட்டார். இப்போது அந்த ஓய்வூதியம் சின்ன அண்ணனுக்கு வருகிறது. அவருக்கு 42 வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. குளிக்க, சாப்பிட, மாத்திரை போட எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள், அவருடைய தங்கை.

பொங்கலுக்கு ஓசூரிலிருந்து பெரிய அண்ணன் குடும்பத்தோடு வருகிறார். பின்கட்டில் புது வாஷிங் மெஷின் நிற்கிறது.

"இது எப்பம்மா வாங்குனீங்க?"

"மூணு மாசம் ஆச்சுண்ணா."

"அவன் பென்ஷன்லயா?"

தங்கையால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. சின்ன அண்ணன் தினமும் இரவில் படுக்கையை நனைத்துவிடுவார். அந்தப் பெட்ஷீட்டுகளைக் கையால் துவைத்துத் துவைத்து தங்கைக்கு முதுகு போனதுதான் மிச்சம். அதற்காகத்தான் மெஷின். பாதிப் பணம் அண்ணன் கணக்கிலிருந்து, மீதி தன் வீட்டுக்காரர் சம்பளத்திலிருந்து. ஆனால், பில்லை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. எவ்வளவு எடுத்தோம் என்றும் சரியாக ஞாபகம் இல்லை. பொங்கல் சாப்பிடாமலே பெரிய அண்ணன் கிளம்பிவிடுகிறார்.

இது கற்பனை வீடுதான். ஆனால், மாற்றுத்திறனாளி பிள்ளையை விட்டுவிட்டுப் பெற்றோர் காலமான எந்த வீட்டிலும் நாளைக்கே நடக்கக்கூடியது. இதில் யாரும் திருடவில்லை. யாரும் எழுதி வைக்கவுமில்லை, அவ்வளவுதான்.

பணம் யார் பெயரில், பொறுப்பு யார் தலையில்?

மத்திய அரசு ஊழியர் இறந்தால் மனைவிக்கோ கணவருக்கோ குடும்ப ஓய்வூதியம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் பிறகு, சொந்தமாகச் சம்பாதித்துப் பிழைக்க முடியாத அளவுக்குக் குறைபாடு உள்ள மகனுக்கோ மகளுக்கோ அது ஆயுள் முழுக்க வரும் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. மற்ற பிள்ளைகளுக்கு உள்ள வயது வரம்பு இவர்களுக்கு இல்லை. ஏழாவது ஊதியக் குழுவின்படி குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமே மாதம் 9,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. சின்னத் தொகை இல்லை.

அறிவுசார் குறைபாடு உள்ளவரால் கையெழுத்துப் போட்டு இந்தப் பணத்தை நிர்வகிக்க முடியாது என்றால், அவர் சார்பில் ஒருவர் வாங்க வேண்டும். ஊழியரோ, ஓய்வூதியரோ உயிரோடு இருக்கும்போதே அந்த ஒருவரை நாமினியாகக் குறிப்பிட்டுவிடலாம். குறைபாடுள்ள பிள்ளையின் பெயரையும் பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையில் அப்போதே சேர்த்துவிடலாம். அப்படி நாமினி குறிப்பிடப்பட்டிருந்தால், 'கோர்ட்டில் போய் பாதுகாவலர் சான்றிதழ் வாங்கி வா' என்று வங்கி வற்புறுத்தக் கூடாது என்பது மத்திய ஓய்வூதியத் துறையின் அறிவுறுத்தல். 70 வயதைத் தாண்டிய அப்பா, அம்மா இதைப் படித்தால் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட வீடுகளில்தான், காரியம் முடிந்த கையோடு வங்கி வாசலில் நிற்கிறார்கள்.

நாமினி இல்லாவிட்டால்? அதற்கு ஒரு வழி 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு பிரிவினருக்கான சட்டம் இது. மாவட்ட ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரி, பதிவு பெற்ற தொண்டு அமைப்பின் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகியோர் அடங்கிய உள்ளூர் மட்டக் குழு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உண்டு. 18 வயது நிரம்பியவருக்குச் சட்டப்பூர்வ பாதுகாவலரை இந்தக் குழு நியமிக்கும். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். இந்தச் சான்றிதழை வைத்துப் பாதுகாவலர் வங்கிக் கணக்கை இயக்க அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கியும் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

பெற்றோர் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'நான் பெத்த பிள்ளைக்கு நான் பாதுகாவலர் இல்லாமல் வேறு யார்?' என்று நினைக்கிறார்கள். பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் சட்டத்தின் கண்ணில் அவர் வளர்ந்த மனிதர். அதன் பிறகு அவர் பெயரில் சட்டப்படி கையெழுத்துப் போட, பெற்ற அம்மாவே ஆனாலும் நியமனம் வேண்டும். மனச்சிதைவு போன்ற மனநோய் உள்ளவர்கள் இந்தச் சட்டத்துக்குள் வர மாட்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்களுக்கான வழி வேறு.

சான்றிதழ் கையில் வந்ததும் ஓடத் தொடங்கும் கடிகாரம்

பாதுகாவலர் சான்றிதழ் வாங்கும் வரை அலையாய் அலைகிறார்கள். வாங்கியதும் லேமினேட் செய்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். அதோடு ஒரு கடமையும் சேர்ந்து வருகிறது என்பது பலர் காதில் விழுவதே இல்லை.

சட்டத்தின் 16-வது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் ஒரு சொத்துப் பட்டியலை நியமித்த குழுவிடம் கொடுக்க வேண்டும். அவர் பெயரில் உள்ள வீடு, நிலம், அவர் சார்பில் கைக்கு வந்த நகை, வைப்புத்தொகை, அவருக்கு வர வேண்டிய பாக்கி, அவர் கொடுக்க வேண்டிய கடன் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இரண்டு, ஒவ்வொரு நிதியாண்டு முடிந்ததும் மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு. எவ்வளவு வந்தது, எதற்கெல்லாம் செலவானது, கையில் மீதி எவ்வளவு. மார்ச் 31-ல் நிதியாண்டு முடிகிறது என்றால், கடைசி நாள் ஜூன் 30.

தஞ்சாவூர் வீட்டுக் கதையில் தங்கைக்கு ஆறு மாதக் கெடுவும் தெரியாது, ஜூன் 30-ம் தெரியாது. அப்பா விட்டுப்போன வீட்டில் சின்ன அண்ணனுக்கும் ஒரு பங்கு உண்டு. அது அந்தப் பட்டியலில் ஏற வேண்டிய சொத்து. பங்கு பிரிக்கவில்லை என்பதால் இல்லை என்றாகிவிடாது.

கணக்குக் காட்டாவிட்டால் உடனே போலீஸ் வந்துவிடாது. ஆனால், 17-வது பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பாதுகாவலர் அவரைக் கொடுமைப்படுத்துகிறார், கவனிக்காமல் விடுகிறார், அவருடைய சொத்தைக் கையாடுகிறார், வீணடிக்கிறார் என்று பெற்றோரோ, உறவினரோ, பதிவு பெற்ற அமைப்போ கருதினால், அவரை நீக்கச் சொல்லிக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். குழு விசாரித்து, தகுந்த காரணம் இருந்தால் நீக்கிவிட்டு வேறொருவரை நியமிக்கும். கோபத்தில் ஓசூர் திரும்பிய பெரிய அண்ணன் நாளைக்கே இந்த மனுவைப் போடலாம். அப்போது தங்கை எதைக் காட்டுவார்? இருபது வருடம் துவைத்த பெட்ஷீட்டுகளை விசாரணைக்கு எடுத்துப் போக முடியாது. வாஷிங் மெஷின் பில்லை எடுத்துப் போகலாம்.

இங்கேதான் பலருக்கு மனசு வலிக்கும். 'கூடப் பிறந்தவனுக்குச் சோறு போட்டதுக்குக் கணக்கா?' என்று கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். ராத்திரி கண்விழித்ததற்கும், வலிப்பு வந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியதற்கும் எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. கணக்கு கேட்பதே சந்தேகம் என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. ஆனால், கணக்கு இல்லாத வீட்டில்தான் அதிகம் உழைப்பவர் மேலேயே முதலில் சந்தேகம் விழுகிறது. ஓசூரில் இருப்பவரிடம் யாரும் பில் கேட்கப்போவதில்லை.

ஒரு நோட்டு, மூன்று பழக்கம்

பெரிய ஆடிட்டர் வேலை எதுவும் இல்லை. மளிகைக் கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு இதுவும் வரும்.

முதலாவது, பணத்தைக் கலக்காமல் இருப்பது. சின்ன அண்ணனுக்கு வரும் பணம் அவர் பெயரில் உள்ள கணக்கில்தான் விழ வேண்டும், அங்கேயே இருக்க வேண்டும். மிச்சப்படும் பணத்தில் வைப்புத்தொகை போட்டாலும் அவர் பெயரில்தான். 'என் பேர்ல போட்டாலும் அவனுக்குத்தானே' என்பது நல்ல எண்ணமாக இருக்கலாம். தங்கைக்கு நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், அந்த வைப்புத்தொகை தங்கையின் வாரிசுகளுக்குப் போகும் பணமாகத்தான் நிற்கும்.

இரண்டாவது, பொதுச் செலவு. சாப்பாடு, கரன்ட் பில், வீட்டு வாடகை எல்லாம் குடும்பத்தோடு சேர்ந்தது. இதில் அவர் பங்கு எவ்வளவு? அரிசியை அளந்து பிரிக்க முடியாது. வீட்டில் நான்கு பேர் என்றால் நாலில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு, 'இப்படித்தான் பிரித்திருக்கிறோம்' என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது. பிறகு மாதாமாதம் அதே முறை. வாஷிங் மெஷின் போல ஒரு பெரிய பொருள் வாங்கும்போது மட்டும் தனியாக இரண்டு வரி: என்ன விலை, அவர் பணம் எவ்வளவு, அவருக்கு இது ஏன் தேவை. 'தினமும் மூன்று பெட்ஷீட் துவைக்க வேண்டியிருக்கிறது' என்று அன்றைக்கே எழுதியிருந்தால், பொங்கல் அன்று அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டியிருக்கலாம். முடிந்தால் வாங்குவதற்கு முன்பே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

அவர் பணத்தில் தங்கை மகனின் ஸ்கூல் ஃபீஸைக் கட்டிவிட்டு 'அடுத்த மாசம் போட்டுடலாம்' என்பது வேறு ரகம். அதை எப்படி எழுதினாலும் சரியாகாது.

மூன்றாவது, பில். கடை பில்கள் ஆறு மாதத்தில் வெளுத்து வெள்ளைக் காகிதமாகிவிடும். வாங்கிய அன்றே மொபைலில் ஒரு போட்டோ எடுத்து, அதற்கென்று ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டால் போதும்.

அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி பணத்தை இன்னொருவருக்காக வாங்குபவர்களிடம் ஆண்டுக்கு ஒருமுறை அரசு ஒரு படிவம் கேட்கும். உணவுக்கும் தங்குமிடத்துக்கும் எவ்வளவு, உடை, மருத்துவம் போன்ற மற்றவற்றுக்கு எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு என்பதுதான் அதில் உள்ள முக்கியமான கேள்விகள். 2018-ல் சட்டத்தைத் திருத்தி, பிள்ளையோடு ஒரே வீட்டில் வாழும் பெற்றோருக்கு இந்த ஆண்டு அறிக்கையிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். அப்போதும் செலவுக் குறிப்புகளை வைத்திருக்கும் கடமையிலிருந்து விலக்கு இல்லை. நம் நோட்டுக்கும் அந்த மூன்று தலைப்புகள் அப்படியே பொருந்தும்.

ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது

வருடம் ஒருமுறை எழுதிக் கொடுப்பது ஒருபக்கம். நடுவில் ஏதாவது மாறினால் சொல்ல வேண்டியது இன்னொரு பக்கம்.

ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று. ஓய்வூதியம் வாங்குபவர் சின்ன அண்ணன் என்பதால் சான்றும் அவருக்குத்தான், தங்கைக்கு அல்ல. 2014-ல் தொடங்கிய ஜீவன் பிரமாண் முறையில் ஆதார் கைரேகை வைத்தால் போதும். கை நடுக்கத்தால் ரேகை பதியாதவர்களுக்கு முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வசதியும் 2021-ல் வந்துவிட்டது. வெளியே அழைத்துப் போக முடியாதவர் என்றால் தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்து தருவார். தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும்.

அடுத்து, வருமானம். அவர் சம்பாதிக்கத் தொடங்கவில்லை என்று ஆண்டுதோறும் உறுதி கொடுக்க வேண்டும். இங்கே ஒரு பயம் தேவையில்லை. எங்கேயாவது தொழிற்பயிற்சி மையத்தில் மெழுகுவத்தி செய்து மாதம் இரண்டாயிரம் சம்பாதித்தால் ஓய்வூதியம் போய்விடுமோ என்று பலர் பிள்ளையை வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு இதைத் தெளிவாக்கிவிட்டது. பெற்றோர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவிகிதமும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குக் கீழே மற்ற வருமானம் இருந்தால், குடும்ப ஓய்வூதியம் தொடரும். அப்பாவின் கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் 12,000 மற்றும் அகவிலைப்படி வரை கவலை இல்லை. மறைக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றை மறைத்துவிட்டு, பிறகு பயந்துகொண்டிருப்பவர்கள் உண்டு.

தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், கடும் பாதிப்புக்கு ஆளானவர்கள் உள்ளிட்ட பிரிவினருக்கான இந்தத் தொகை 2023 ஜனவரியில் 1,500-லிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. வாழ்நாள் சான்று கேட்டு மாவட்ட அலுவலகத்திலிருந்து தகவல் வந்தால் தள்ளிப்போடக் கூடாது. வீடு மாறினாலோ, போன் நம்பர் மாறினாலோ சொல்லிவிட வேண்டும். பழைய நம்பருக்குப் போன மெசேஜால் பணம் நின்றுபோனால், திரும்ப ஓட வைக்கும் வேலை மாதக்கணக்கில் இழுக்கும்.

சொல்ல யாருக்கும் மனம் வராத மாற்றம் ஒன்று உண்டு. ஓய்வூதியம் வாங்குபவரே இறந்துவிடுவது. துக்க வீட்டில் வங்கி ஞாபகம் வராது. கார்டு கையில் இருக்கிறது, அடுத்த மாதமும் பணம் விழுகிறது, காரியச் செலவுக்கு எடுத்துவிடுகிறார்கள். ஆனால், இறந்த நாளோடு அந்த உரிமை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வரவான பணத்தை வங்கி திருப்பிக் கேட்கும். கூடுதலாக வந்த தொகையைத் திருப்பித் தருவோம் என்று ஓய்வூதியம் தொடங்கும்போதே கையெழுத்து வாங்கியிருப்பார்கள். தெரிந்தே மாதக்கணக்கில் எடுத்தால் அது குற்ற வழக்குவரை போகும். இறப்புச் சான்றிதழ் வந்ததும் வங்கிக்கு ஒரு நகல், குழுவுக்கு ஒரு நகல். அதுவரை அந்தக் கார்டைத் தொடாமல் இருக்க வேண்டும்.

அவரிடம் கேட்டீர்களா?

இவ்வளவு படிவங்களுக்கு நடுவில் ஒரு ஆள் மறந்துபோகிறார். பணம் யாருடையதோ அவர்.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பாதுகாவலர் என்பவர் எல்லா முடிவையும் தானே எடுத்துவிடுபவர் என்ற பழைய எண்ணத்தை மாற்றப் பார்த்தது. அந்தச் சட்டம் சொல்வது வரையறுக்கப்பட்ட பாதுகாவல். அதாவது, இருவரும் கலந்து, அவருடைய விருப்பத்தையும் கேட்டு முடிவெடுப்பது. உதவி செய்பவருக்கும் அவருக்கும் பண விஷயத்தில் நலன்கள் மோதினால், அந்த விஷயத்தில் உதவி செய்பவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. வீட்டுப் பங்கைப் பிரிக்கும் நாளில் தங்கைக்கு இந்த வரி ஞாபகம் இருக்க வேண்டும்.

அன்றாடத்தில் இது சின்னச் சின்ன விஷயம்தான். சின்ன அண்ணனுக்கு நீலச் சட்டை என்றால் உயிர். சாயந்திரம் நாயர் கடை டீயும் பருப்பு வடையும் வேண்டும். கணக்கு எழுதத் தொடங்கிய பிறகுதான், அவர் பணத்தில் மருந்தும் அரிசியும் தவிர அவர் ஆசைப்பட்டு எதுவுமே வாங்கியதில்லை என்பது பல வீடுகளில் கண்ணில் படும். எல்லாவற்றையும் சேமித்து வைப்பது நல்ல நிர்வாகம் போலத் தோன்றும். ஆனால், அந்தப் பணம் முதலில் அவருடைய இன்றைக்கான பணம். நோட்டில் 'அவர் கேட்டது' என்று ஒரு பத்தி போட்டால், அது எத்தனை மாதம் காலியாக இருக்கிறது என்பது தெரியும்.

கதை வீட்டுக்கு வருவோம். அடுத்த ஜூன் மாதம், தங்கை கணக்கை இரண்டு பிரதி எடுக்கிறார். ஒன்று குழுவுக்கு. இன்னொன்றைப் போட்டோ எடுத்துப் பெரிய அண்ணனுக்கு அனுப்புகிறார். கூட எந்த வார்த்தையும் இல்லை. ராத்திரி அவரிடமிருந்து போன் வருகிறது. மெஷின் பற்றிப் பேசவில்லை. "டீ, வடை 600 ரூபாய்னு போட்டிருக்கியே, தினமும் குடுக்கிறியா?" என்று கேட்கிறார். "தினமும்தான்" என்கிறார் தங்கை. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு பெரிய அண்ணன் கேட்கிறார்: "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் யாரும்மா?"

பாதுகாவலர் இறந்தால் சான்றிதழ் அப்படியே அடுத்தவருக்கு மாறிவிடாது. புதிதாக விண்ணப்பம் போட்டுத்தான் வாங்க வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில், வங்கிக் கணக்கு எண், சான்றிதழ் எண், டாக்டர் பெயர், மாத்திரை நேரம் எல்லாவற்றுக்கும் கீழே தங்கை ஒரு கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார். அடுத்த பெயரை எழுத.